சத்தமுள்ள வீட்டில் சுத்தமான குரல்

கேள்வி: நான் மதுரையில் பிளஸ் டூ வேதியியல் ஆசிரியை. பாடங்களை வீடியோவாக எடுத்து மாணவர்களுக்குத் தர ஆரம்பித்திருக்கிறேன். வாடகை வீடு. முன்னறையை ஒட்டியே பஸ் போகும் ரோடு. உள்ளே மிக்ஸி, குக்கர், பிள்ளைகள், மாமியாரின் டிவி. போனில் எடுத்தால் என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. ஹார்ன் சத்தம்தான் தெளிவாக விழுகிறது. சாஃப்ட்வேரில் இரைச்சலை நீக்கினால் குரலில் உயிரே இல்லாமல் போகிறது. காலர் மைக் வாங்கினேன், பெரிய மாற்றம் தெரியவில்லை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டச் சொல்கிறார்கள். ஸ்டுடியோவுக்கு வாடகை கொடுக்க வசதி இல்லை. வீட்டிலேயே தரமாக எடுக்க வழி உண்டா, ஐயா?

- ஒரு வாசகி, மதுரை

பதில்: வழி உண்டு அம்மா. அதற்குச் சுவரைத் தொடவே வேண்டியதில்லை. முட்டை அட்டையை மறந்துவிடுங்கள்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனித் தொல்லைகள். ஒன்று, வெளியிலிருந்து வரும் சத்தம். மற்றொன்று, உங்கள் குரலே சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் எதிரொலி. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும்: செங்கல் சுவர், தடித்த கதவு, இடுக்கில்லாத ஜன்னல். காகித அட்டைக்கு அந்தக் கனம் கிடையாது. கடையில் விற்கும் 2 அங்குல ஃபோம் எதிரொலியைத்தான் குறைக்கும், அதிலும் கீச்சென்ற ஒலிகளை மட்டும். பஸ் இன்ஜினின் 100 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு அலைநீளம் 3 மீட்டருக்கு மேல். அந்த ஃபோமால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

ரோட்டை நிறுத்த முடியாது. ஆனால் ரோட்டைவிட உங்கள் குரலை மைக்குக்குப் பல மடங்கு பெரிதாகக் கொடுக்க முடியும். வீட்டில் நல்ல ஒலிப்பதிவு செய்வதன் அடிப்படையே அதுதான்.

ஒரு சாண் கணக்கு

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகக் குறைந்தால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் கூடும். ரோட்டுச் சத்தம் கூடாது. அது வரும் தூரம் மாறவில்லையே. ஒரு மீட்டர் தள்ளியிருந்த மைக்கை ஒரு சாணுக்கு, அதாவது சுமார் 20 சென்டிமீட்டருக்கு, கொண்டுவந்தால் ஏறக்குறைய 14 டெசிபல் லாபம். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும். எதிரொலியும் இதே கணக்கில் பின்தங்கிவிடும். விலை உயர்ந்த மைக்கைத் தூரத்தில் வைப்பதைவிட, சில நூறு ரூபாய் காலர் மைக்கை ஒரு சாணில் வைப்பது மேல்.

பிறகு ஏன் உங்கள் காலர் மைக் பலன் தரவில்லை? பெரும்பாலும் போன் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. ஒரு சோதனை செய்யுங்கள். ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, காலர் மைக்கின் தலையை நகத்தால் சுரண்டுங்கள். அடுத்து போனின் அடிப்பக்கத்தைச் சுரண்டுங்கள். திரும்பக் கேட்கும்போது எது ‘கரகர’வென்று பெரிதாகக் கேட்கிறதோ, அந்த மைக்தான் வேலை செய்கிறது. போனுடையது என்றால் பிளக்கைப் பாருங்கள். போனுக்கு உரிய பிளக்கில் மூன்று வளையக் கோடுகள் இருக்கும். கேமராவுக்கு உரியதில் இரண்டு. இரண்டு கோடு இருந்தால் நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் போனின் கேமரா ஆப் வெளி மைக்கை ஏற்கவில்லை என்றால், அதை ஏற்கும் வேறு கேமரா ஆப்பில் எடுங்கள்.

மைக்கைக் குத்தும் இடத்திலும் கவனம் தேவை. தாடைக்கு ஒரு சாண் கீழே, சேலைத் தலைப்பின் ஓரத்தில் குத்துங்கள். தாலிச் சங்கிலி மைக்கில் உரசினால் எந்த சாஃப்ட்வேராலும் அதை எடுக்க முடியாது. கஞ்சி போட்ட பருத்திச் சேலையும் பட்டும் அசைந்தால் சரசரக்கும். துவைத்துத் துவைத்து மென்மையான சேலை நல்லது. வயரை ஒரு சுற்றுச் சுற்றி உள்பக்கம் பின் பண்ணிவிட்டால், இழுபடும் சத்தம் மைக்குக்குப் போகாது. எழுதிக் காட்டும் கையில் வளையல் வேண்டாம்.

எந்த அறை, எந்த நேரம்

முன்னறையை விடுங்கள். ரோட்டுக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை சுவர் வருகிறதோ அத்தனை நல்லது. கட்டிலும் மெத்தையும் துணிமணியும் உள்ள உள் படுக்கையறைதான் உங்கள் ஸ்டுடியோ. உங்களுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாத பக்கவாட்டில், கொடி கட்டித் தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். சேலைகள் நிறைந்த பீரோவைத் திறந்து, அதைப் பார்த்தபடி பேசுங்கள். எதிரொலிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை.

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து கேளுங்கள். பழகிப்போனதால் காதில் விழாத சத்தமெல்லாம் அதில் இருக்கும்: சுவர்க் கடிகாரம், ஃபேன் ரெகுலேட்டரின் முனகல், டியூப்லைட் சோக், ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வாருங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறக்கவே முடியாது. ஃபேனையும் நிறுத்தத்தான் வேண்டும். மதுரை வெயிலில் அது சிரமம், தெரியும். அதனால் பாடத்தை ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து எடுங்கள். துண்டுக்கு நடுவே ஃபேன் ஓடட்டும். மாணவர்களுக்கும் துண்டு பாடமே திரும்பப் பார்க்க வசதி. போனை ஃபிளைட் மோடில் போடுங்கள்.

நேரம் என்றால் விடியற்காலைதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் விதிகள் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கின்றன. ஆனாலும் ஆடியிலும் மார்கழியிலும் பக்கத்துக் கோயிலில் எத்தனை மணிக்குப் பாட்டுப் போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ‘சத்தம் போடாதீர்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் நாள் முழுக்க மனக்கசப்புதான் மிஞ்சும். ‘அத்தை, அஞ்சு மணியிலிருந்து அரை மணி நேரம் மட்டும்’ என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது சுலபம்.

படமும் குரலும் ஒன்றாகத்தான் எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை படப்பிடிப்பு முடிந்த பிறகு டப்பிங் பேசியவைதான். 2004-இல் வந்த ‘விருமாண்டி’ போல, நடித்த இடத்திலேயே ஒலிப்பதிவு செய்த படங்கள் குறைவு. நீங்கள் சமன்பாடு எழுதுவது மேலிருந்து காட்டப்படும் இடங்களில் உங்கள் வாய் தெரியாது. அதைப் பகலில் எந்தச் சத்தத்திலும் எடுக்கலாம். குரலை விடியற்காலையில் தனியாகப் பதியலாம். முகம் தெரியும் முதல் அரை நிமிடத்துக்கும் முடிவுரைக்கும் மட்டும் நேரடி ஒலி போதும்.

முகம் தெரியும் இடத்திலும், இன்னொரு போன் இருந்தால் குரலை அதில் தனியாகப் பதியலாம். தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட் செய்யும்போது இரண்டு தட்டலையும் பொருத்திப் பாருங்கள். முதல் தட்டல் பொருந்தி, கடைசித் தட்டல் விலகியிருந்தால் இரண்டு போன்களின் வேகம் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். அந்த இடத்தில் ஒலியைக் கொஞ்சம் நகர்த்திச் சரிசெய்யலாம். துண்டு சிறியதாக இருந்தால் விலகலும் சிறியதாகவே இருக்கும்.

ஜன்னலை மூடுவதால் விளக்கு தேவைப்படும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண சோக் உள்ள டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்பும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். போனில் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். படத்தில் கோடுகள் ஓடாது.

சாஃப்ட்வேர் கடைசியில்

பதியும்போது அளவைப் பாருங்கள். குரலின் உச்சம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் பிளந்துவிடும். ஒவ்வொரு முறையும் பேசத் தொடங்கும் முன் 30 நொடி சும்மா இருந்து அறையின் ஒலியைப் பதியுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி அந்த 30 நொடியை மாதிரியாக வைத்துத்தான் இரைச்சலைக் கழிக்கும்.

முதலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். உங்கள் குரலில் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. பஸ் உறுமலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அடுத்து இரைச்சல் நீக்கம், 6 முதல் 8 டெசிபல் வரை மட்டும். இதற்கு மேல் இழுத்ததால்தான் உங்கள் குரலில் உயிர் போனது. சீரான இரைச்சலைத்தான் இப்படிக் கழிக்க முடியும். ஹார்னோ குக்கர் விசிலோ வந்தால் நிறுத்தி, அந்த வாக்கியத்தைத் தொடக்கத்திலிருந்து திரும்பச் சொல்லிவிடுங்கள். அதுதான் சுத்தமான வழி. கடைசியாக மொத்த ஒலியளவை மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (LUFS, மொத்த ஒலியளவை அளக்கும் அலகு) அருகே கொண்டுவாருங்கள். யூடியூப் அதைவிடச் சத்தமானதைக் குறைக்கும். குறைவானதைக் கூட்டித் தராது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். நாளைக்கே மைக் சோதனையை முடியுங்கள், உள் அறைக்கு மாறுங்கள், ஒரு சாண் தூரத்தில் பேசிப் பாருங்கள். பாதிக்கு மேல் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். மாணவர்களில் பலர் உங்கள் வீட்டைப் போன்ற வீட்டில், டிவிக்கும் தம்பி தங்கைகளுக்கும் நடுவே, போன் ஸ்பீக்கரில்தான் கேட்பார்கள். அங்கே இருக்கும் சத்தத்தை நீங்கள் குறைக்க முடியாது. உங்கள் பக்கத்திலிருந்து அதோடு இன்னும் சத்தம் சேராமல் பார்த்துக்கொள்ளலாம். ‘ஆக்சிஜனேற்றம்’ என்று நீங்கள் சொன்னால் அது ‘ஆக்சிஜனேற்றம்’ என்றே அவர்கள் காதில் விழ வேண்டும். ஸ்டுடியோ தரம் என்று நான் மதிப்பது அதைத்தான்; அது உங்கள் வீட்டில் முடியும்.