அமானிதமும் அறிவித்தலும்

பொதுநலப் பணியாளர் கையாளும் பொருள் அமானிதம், உடைமையன்று. அதனைக் காக்கும் முறை யாது என ஈண்டு ஆராய்வோம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இப்னுல் லுத்பிய்யா என்பாரை ஜகாத் திரட்ட அனுப்பினார்கள். திரும்பியவர், ஒரு பகுதியைப் பொதுநிதிக்கென ஒப்படைத்து, மறுபகுதி தமக்கு அன்பளிப்பாக வந்தது என்றார். பெற்றோர் இல்லத்தில் அமர்ந்திருப்பின் அவ்வன்பளிப்பு அவரை நாடி வந்திருக்குமோ என அண்ணலார் வினவினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது.

இங்கு ஒன்று நோக்கத்தக்கது. அவர் எதையும் மறைத்தாரல்லர்; தாமே வெளிப்படுத்தினார். ஆயினும் அது போதவில்லை. அறிவித்தல் முதற்படி, முடிவைப் பிறரிடம் விட்டு விலகுதல் அடுத்த படி.

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 184ஆம் பிரிவு, இயக்குநர் தமக்குப் பிற நிறுவனங்களில் உள்ள ஈடுபாட்டை ஒவ்வொரு நிதியாண்டின் முதற்கூட்டத்திலும் அறிவிக்கப் பணிக்கின்றது. இலாப நோக்கற்ற கம்பெனிகட்கும் இஃது உரியது. ஆனால் இப்பிரிவு இயக்குநரையே சுட்டுகின்றது. ஊழியர்க்கு அந்தந்த நிறுவனமே விதி வகுத்தல் வேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்குச் சிற்றூர்களில் வாங்குவோரும் விற்போரும் உறவினராதல் இயல்பு. சின்னமனூரில் ஓர் அறக்கட்டளை, தன் மாணவர் விடுதிக்கு அரிசி வாங்குவதாகக் கொள்வோம். கொள்முதல் எழுத்தரின் மைத்துனரே ஆலை உரிமையாளர். அவர் நல்லரிசியைக் குறைந்த விலைக்கே தரினும், எழுத்தர் அவ்வுறவை எழுத்தில் தெரிவித்து, விலை முடிவு செய்வதினின்றும் விலகுதல் வேண்டும். உறவு குற்றமன்று, அதனை மறைத்தலும், அறிவித்த பின்னும் விலகாமையுமே குற்றம்.

நாளை அறநிறுவனங்களில் அமரவிருக்கும் நம் மாணவர் இவ்விரு படிகளையும் இன்றே உளங்கொள்வாராக!