குழந்தையை யார் பார்ப்பது?

ரஞ்சன்குடியில் கணவனை இழந்த இளந்தாய் ஒருத்தி மேலே படிக்க விரும்பினால், இக்கேள்வியே அவளைத் தடுத்து நிறுத்திவிடும். இதற்கு விடை கண்டவர் சென்னை ஏ. லலிதா அம்மையார்.

15 வயதில் மணம்; 18 வயதில், நான்கு மாதக் கைக்குழந்தையுடன் கைம்மை. மருத்துவம் நள்ளிரவிலும் அழைக்கும் தொழில். ஆகவே அதனை விடுத்து, 1940-இல் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். மகளைச் சகோதரர் குடும்பம் பேணிற்று. 1943-இல் படிப்பை முடித்தார். 1948-இல் கல்கத்தாவில் வேலை ஏற்றதும் அங்கே சகோதரர் குடும்பம் இருந்தமையாலேயே. பின்னர் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்தொடர்ப் பணியிலும் பங்குகொண்டார்.

இதிலிருந்து நாம் அறிவன இரண்டு: வேலை நேரம் குழந்தைக்கு இசைய வேண்டும், குழந்தையைப் பேண நம்பகமான கை வேண்டும்.

உறவின் துணையற்ற தாய்க்கு ஊரே உறவாதல் வேண்டும். அங்கன்வாடி உரிய நேரத்தில் திறப்பதை ஊராட்சி உறுப்பினர்கள் கவனிக்கலாம். தையல் முதலிய பயிற்சிகளைப் பள்ளி நேரத்திலேயே நடத்தச் செய்யலாம். தொலைநிலைக் கல்விக்கு விண்ணப்பிக்கும் நாளை ஊரில் அறிவிக்கலாம். விவசாயிகளும் பருத்தி எடுப்பு, மக்காச்சோள அறுவடை வேலைகளில் அத்தாய்க்குப் பள்ளி நேரத்துக்கு இசைந்த வேலையை ஒதுக்கலாம்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.