சுட்டி ஏன் அசையவில்லை?

செய்முறைத் தேர்வு தொடங்கும் வேளையில் கணினித் திரையில் சுட்டுக்குறி அசையாது நிற்கிறது. "சுட்டி பழுதாகிவிட்டது" என்று உடனே முடிவு செய்கிறோம். அம்முடிவு பல வேளைகளில் பிழையானது.

கம்பியில்லாச் சுட்டி தன் அசைவை வானொலி அலைகளாக அனுப்புகிறது. கணினியின் யூஎஸ்பி துளையில் செருகப்பட்ட சிறிய அலைவாங்கி அவற்றைப் பெறுகிறது. மின்கலம், சுட்டி, அலைவாங்கி, துளை, கணினி ஆகிய ஐந்தில் எதில் குறை நேர்ந்தாலும் சுட்டி இயங்காது.

ஆதலால் எளியதிலிருந்து தொடங்குக. சுட்டியின் அடிப்பகுதியிலுள்ள பொத்தான் இயக்கநிலையில் உள்ளதா எனக் காண்க. அடுத்து, மின்கலத்தை மாற்றுக. அதன் முனைகளைச் சரியாகப் பொருத்துக. பின்னர், அலைவாங்கியை வேறு துளையில் செருகுக. பல சுட்டிகள் தமக்குரிய அலைவாங்கியுடன் மட்டுமே இணையும். ஆய்வகத்தில் அலைவாங்கிகள் இடம்மாறினால் நல்ல சுட்டியும் செயலற்றதாகத் தோன்றும். இறுதியாக, சுட்டியையும் அலைவாங்கியையும் வேறொரு கணினியில் பொருத்துக. அங்கு இயங்கினால் குறை முதற்கணினியில் உள்ளது.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றினால், குறை எங்கிருந்தது என்பது விளங்காது. காரணம் அறியாது எறியப்படும் நல்ல சுட்டி வீணே மின்னணுக் கழிவாகிறது.

சொற்பொருள்
ஒருங்கே – ஒரே நேரத்தில்
வீணே – பயனின்றி

வினாக்கள்
1. அலைவாங்கியின் பணி யாது?
2. நல்ல சுட்டியும் செயலற்றதாகத் தோன்றுவது எப்போது?
3. ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் ஏன்? உம் வீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டு விளக்குக.