குற்றஞ் சாட்டுவோர் கடன்

குற்றம் புரிந்தாரைத் தண்டித்தல் அரசின் கடன் என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அரசு என்பது கண்ணும் நாவும் படைத்த ஓர் ஆள் அன்று. அதன் பெயரால் மன்றத்தில் எழுந்து, ‘இவர் குற்றவாளி’ என்று கூறுதற்கு ஒருவர் வேண்டும். அவரே அரசு வழக்கறிஞர். நீதிபதியின் நடுவுநிலைமையை நூல்கள் பலபடப் பாராட்டும். எதிரிக்காக வாதிடும் வக்கீலின் நாவன்மையைக் கதைகள் புகழும். மூன்றாமவராகிய இவரைப் பற்றி எண்ணுவார் மிகச் சிலரே. இவர்தம் பணி யாது, அப்பணிக்குரிய அறம் யாது என்பவற்றை ஈண்டு ஒருசிறிது ஆராய விழைகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் உள்ளூர் ஆட்சியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம், என்னை? இப்பதவியின் ஆற்றலும் அதனைச் சூழ்ந்த இடரும் அங்கே ஒருங்கே விளங்கித் தோன்றுதலின் என்க.

அந்நாட்டு மாநிலங்கள் பெரும்பாலும் ‘கவுண்டி’ என்னும் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளன. நம் மாவட்டம் போன்ற அப்பிரிவுகள் நாடு முழுவதும் 3,000க்கு மேற்பட்டவை. அவ்வவ்விடத்துக் குற்ற வழக்குகளை நடத்தும் தலைமை வழக்கறிஞரை, ஒரு சில மாநிலங்கள் நீங்கலாக, மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர். பெரும்பாலும் நான்காண்டுகளுக்கு ஒருமுறை இத்தேர்தல் நிகழும். நம் நாட்டிலோ மாவட்ட அரசு வழக்கறிஞரை மாநில அரசு நியமிக்கின்றது. மக்கள் தேர்ந்தெடுத்தவர் மக்களுக்கே விடை கூற வேண்டியவர் என்பது அமெரிக்க முறையின் நன்மை. ஊரார் சினங்கொண்டு எழுங்காலத்து அச்சினத்திற்கு அவர் அடிமையாதலுங் கூடும் என்பது அதன் தீமை.

இனி, அவர் ஆற்றும் பணியை நோக்குவோம். கொலை வழக்கு எப்போதோ வருவது. நாள்தோறும் வருவன சிறு களவும், அடிதடியும், குடித்துவிட்டு மோட்டார் ஓட்டுதலும், இல்லத்துச் சச்சரவும், சிறுவர் புரியும் பிழைகளுமே. போலீசார் கொணரும் தாள்களைப் படித்து, வழக்குத் தொடுப்பதா, விடுப்பதா, எக்குற்றத்தைச் சாட்டுவது என்று முடிவு செய்தல் அவர்தம் தலையாய வேலை. பெரிய கவுண்டிகளில் துணை வழக்கறிஞர் பலர் அவர்கீழ்ப் பணி செய்வர். ஓஹையோ, வாஷிங்டன் முதலிய மாநிலங்களிலே கவுண்டி ஆட்சியாளர்க்குச் சட்ட ஆலோசனை கூறுதலும் அவர் கடமையே.

பெருங்குற்றத் தீர்ப்புகளில் 100க்கு 90க்கு மேற்பட்டவை ஜூரிமார் முன் விசாரணை நடவாமலே முடிகின்றன. எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ள, அதற்கீடாகத் தண்டனை குறையும் வகையில் இருசாராரும் உடன்பாடு செய்துகொள்வதே வழக்கம். ஆகவே எக்குற்றம் சாட்டப்படும் என்று வழக்கறிஞர் தம் அறையில் அமர்ந்து முடிவு செய்யும்போதே, எதிரியின் ஊழ் பெரும்பாலும் வரையறுக்கப்பட்டு விடுகின்றது. 1940ஆம் ஆண்டு, அந்நாட்டுத் தலைமைச் சட்ட அதிகாரியாயிருந்த ராபர்ட் ஜாக்சன், அமெரிக்காவில் பிறர் எவரைக் காட்டிலும் மக்களின் உயிர், உரிமை, புகழ் ஆகியவற்றின்மீது மிக்க ஆற்றல் உடையவர் அரசு வழக்கறிஞரே என்று எச்சரித்தனர்.

இத்துணை ஆற்றல் உடையார்க்கு வழிகாட்டும் நெறி யாது? 1935ஆம் ஆண்டு ‘பெர்கர்’ வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் தெளிவுறுத்தியது. அரசு வழக்கறிஞர் ஏனை வழக்காளியைப் போல்வார் அல்லர். வழக்கில் வெல்லுதல் அவர் குறிக்கோளன்று, நீதி நிலைபெறச் செய்தலே குறிக்கோள் என்பது அத்தீர்ப்பின் கருத்து. சொல்லுதற்கு எளிய இந்நெறி செய்தற்கு எத்துணை அரிது என்பதை ஒரு வரலாற்றால் விளக்குவோம்.

1924ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் மாலை, கனெக்டிகட் மாநிலத்துப் பிரிட்ஜ்போர்ட் நகரில், ஹியூபர்ட் டாமி என்னும் பாதிரியார் தெருவில் உலாவிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். ஊரார் பெரிதும் மதித்த குருவானவர் அவர். நகரம் கொதித்தெழுந்தது. சில நாட்களில் ஹெரால்டு இஸ்ரேல் என்னும் இளைஞர் பிடிபட்டார், முன்னர்ப் படையிற் பணி செய்தவர், வேலையின்றித் திரிந்தவர். கொலைக்குப் பயன்பட்ட அதே அளவினதாகிய துப்பாக்கி அவரிடம் இருந்தது. நெடுநேர விசாரணையின்பின் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரைக் கண்டதாகச் சாட்சிகள் பலர் கூறினர். குண்டு அத்துப்பாக்கியினின்று வந்ததே என்று நிபுணர் ஒருவரும் உறுதி கூறினார். இதனினும் வலிய வழக்கு வேறு யாது வேண்டும்?

ஃபேர்ஃபீல்டு கவுண்டியின் அரசு வழக்கறிஞராக அப்போது இருந்தவர் ஹோமர் கம்மிங்ஸ். அரசியலிலும் பெயர் பெற்றவர். அவ்வழக்கில் வென்றிருப்பின் ஊர் முழுவதும் அவரைப் போற்றியிருக்கும். அவரோ, தம் கையிலிருந்த சான்றுகளையே ஒவ்வொன்றாக எடுத்துச் சோதிக்கலானார்.

முதலாவது, வாக்குமூலம். அதனை அளித்த வேளையில் இஸ்ரேல் உடலும் உள்ளமும் சோர்ந்த நிலையில் இருந்தனர் என மருத்துவர் கண்டனர். போலீசார் முன்னரே அறியாத செய்தி எதுவும் அதில் இல்லை. இரண்டாவது, கண்டோர் சாட்சியம். கம்மிங்ஸும் அவர்தம் துணைவரும் இரவிலே அவ்விடத்திற்குச் சென்று சோதித்தபோது, அவ்விருளில் முகம் அறிதல் இயலவில்லை. உணவுச்சாலைக் கண்ணாடி வழியே இஸ்ரேலைக் கண்டதாக ஒரு பணிப்பெண் கூறியிருந்தாள். ஆங்கு நின்று நோக்கியபோதும், கண்ணாடியில் தோன்றிய ஒளிநிழலால், வழிச்செல்வாரை அடையாளம் காண்டல் அரிதாயிற்று. மூன்றாவது, துப்பாக்கி. வேறு நிபுணர் பலரைக் கொண்டு ஆராய்ந்ததில், கொன்ற குண்டு அத்துப்பாக்கியினின்று வந்ததன்று என்பது தெளிவாயிற்று.

1924 மே 27ஆம் நாள் கம்மிங்ஸ் மன்றத்தில் எழுந்து, இவை அனைத்தையும் விரித்துரைத்து, வழக்கை மேலே நடத்த இயலாது என்று கூறினர். இஸ்ரேல் விடுதலை பெற்றார். உண்மைக் கொலையாளி அகப்படவேயில்லை. கம்மிங்ஸ் பின்னர் 1933 முதல் 1939 வரை அந்நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரியாக விளங்கினர்.

அற்றேல், ஐயப்பாட்டை ஜூரிமாரே தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருத்தல் ஆகாதோ எனின், ஆகாது. ஜூரிமார் காண்பன அவர்முன் வைக்கப்பட்டவற்றையே. கண்ணாடியின் முன் நின்று பார்க்கவும், நிபுணர் பலரை அழைக்கவும் வேண்டிய பொருளும் ஆட்களும் அரசின்பால் இருந்தன. வேலையற்ற ஏழை இளைஞர்பால் இல்லை. வன்மை எப்பக்கத்துள்ளதோ அப்பக்கத்ததே சோதிக்கும் கடனும். தாமே நம்பாத வழக்கைப் பிறர் நம்புமாறு வாதிடுதல் நடுவுநிலைமை அன்று. பொறுப்பைப் பிறர் தலையில் ஏற்றுதலே ஆகும்.

ஆயினும் எல்லா வழக்கறிஞரும் கம்மிங்ஸ் ஆதல் இல்லை. அதனாலேயே சட்டமும் சில வரம்புகளை வகுத்தது. எதிரிக்குச் சாதகமான சான்றை அரசு மறைத்தல் முறையன்று என 1963ஆம் ஆண்டு ‘பிரேடி’ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 1976ஆம் ஆண்டு ‘இம்ப்ளர்’ வழக்கில், வழக்கு நடத்துகையில் செய்த பிழைக்காக அரசு வழக்கறிஞர்மீது நஷ்ட ஈடு கோர இயலாது என்றும் அம்மன்றமே கூறியது. அஞ்சாது கடமையாற்ற இப்பாதுகாப்பு வேண்டும் என்பர் ஒருசாரார். தவறு இழைத்தவர் தப்புதற்கு இதுவே வாயில் என்பர் மற்றொருசாரார். டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் கவுண்டியில் கிரேக் வாட்கின்ஸ் என்னும் அரசு வழக்கறிஞர், தம் அலுவலகம் முன்னர்ப் பெற்ற தண்டனைத் தீர்ப்புகளை மீண்டும் ஆராய 2007ஆம் ஆண்டு தனிப்பிரிவு ஒன்றை அமைத்தனர். சட்டம் வரம்பு கட்டலாம். அவ்வரம்பினுள் நின்று தம் பிழையைத் தாமே தேடுதற்கு வேண்டுவது மனச்சான்றே.

தமிழ் பயிலும் நமக்கு ஈண்டுச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருதல் இயல்பு. பொற்கொல்லன் குற்றஞ் சாட்டினான், பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான், கோவலன் உயிரிழந்தான். குற்றச்சாட்டு மன்னன் செவியை எட்டுமுன் அதனைச் சோதிக்கும் ஒருவர் இடைநின்றிருப்பின் சிலம்பு இரண்டும் முன்னரே ஒத்துப் பார்க்கப்பட்டிருக்கும். அரசு வழக்கறிஞர் நிற்குமிடம் அதுவே. குற்றச்சாட்டைச் சுமந்து செல்வார் மட்டுமல்லர் அவர்; அதனை முதற்கண் ஐயுற வேண்டியவரும் அவரே.

நம்முள் சட்டக் கல்லூரி புகக் கருதுவார் சிலர் உளர். என்றேனும் அரசின் பெயரால் எழுந்து நிற்கும் பேறு அவர்க்கு வாய்க்குமாயின், எதிரியின் சான்றைப் பின்னர்ச் சோதிக்க. தம் சான்றை முன்னர்ச் சோதிக்க. குற்றமற்றவர் விடுதலை பெறும் நாளில் அரசு தோற்பதில்லை. அன்றே அது வெல்கின்றது.