மியாட்டாவை இறக்கலாமா?

கேள்வி: என்னிடம் 1994 மாடல் மாஸ்டா மியாட்டா இருக்கிறது. தினமும் வேலைக்கு அதில்தான் போகிறேன். வளைவுகளில் இன்னும் பிடிப்பாக ஓட, காயில்ஓவர் போட்டு இரண்டு அங்குலம் இறக்கலாமா?
– வாசகர், டொரொண்டோ

பதில்: வேண்டாம். முதல் தலைமுறை மியாட்டாவில் சக்கரம் மேலே ஏறி இறங்க இடம் குறைவு. இரண்டு அங்குலம் இறக்கினால் சின்னப் பள்ளத்திலேயே பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். முட்டியதும் சஸ்பென்ஷன் திடீரென விறைத்துவிடும். வளைவின் நடுவே அப்படி நேர்ந்தால், நீங்கள் தேடிய பிடிப்பே நழுவும். தோற்றத்துக்காகத் தாழ்த்திய பல கார்கள் பழையபடி இருந்ததைவிட மோசமாக ஓடுவது இதனால்தான்.

இத்தனை வயதான காரில் புஷ் ரப்பர்கள் வெடித்திருக்கும். முதலில் அவற்றை மாற்றுங்கள். நல்ல டயர் போடுங்கள். அடுத்து டேம்பர். உயரத்தைக் குறைக்காவிட்டால் பில்ஸ்டீன் பி6 போதும். குட்டை ஸ்பிரிங்குக்கு உரியது பி8. ரீபவுண்டைக் கூட்டிக் குறைக்க விரும்பினால் மஞ்சள் நிறக் கோனி. காயில்ஓவரின் மரைகளை உங்கள் ஊர்க் குளிர்கால உப்பு அரித்து இறுக்கிவிடும் என்பதையும் யோசியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் விவரம் தெரிந்த ஒருவரிடம் அலைன்மென்ட் செய்யுங்கள். நான்கு சக்கரங்களின் கேம்பரையும் திருத்த இந்தக் காரில் தொழிற்சாலையே வழி வைத்திருக்கிறது. செலவும் குறைவு, பலனும் உடனே தெரியும். அதற்குப் பிறகும் வளைவில் கார் அதிகம் சாய்வதாகத் தோன்றினால், முன்பக்கம் சற்றுத் தடித்த ஆன்டி-ரோல் பார் போடலாம்.