அந்த இருபது ஆண்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

“பிரெஞ்சுக் கவிஞர் போல் வலேரிக்கு இருபது ஆண்டுகள் கவிதை வரவே இல்லையாமே, ஐயா?” என்று போன வாரம் கேட்டாய். அன்றிலிருந்து அந்தக் கேள்வி மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. கோபம் உன்மேல் இல்லை, இந்த மௌனக் கதையைத் திரும்பத் திரும்ப எழுதும் முன்னுரைக்காரர்கள்மேல்.

1892 அக்டோபரில், ஜெனோவா நகரில் ஒரு புயல் இரவில் அவர் கவிதையை ஒதுக்கிவைக்க முடிவெடுத்தது உண்மை. ஆனால் 1894 தொடங்கி 1945இல் சாகும்வரை தினமும் விடியுமுன் எழுந்து குறிப்பேடு எழுதியவர் அவர். பக்கங்கள் 26,000க்கும் மேல். இதையா மௌனம் என்பது? 1912இல் எழுத்தாளர் ழீதும் பதிப்பாளர் கல்லிமாரும் அவருடைய பழைய கவிதைகளைத் தொகுத்துத் தரச் சொன்னார்கள். கடைசியில் சேர்க்கச் சிறிய பிரியாவிடைக் கவிதை ஒன்றைத் தொடங்கினார். அது 512 அடிகளாக வளர்ந்து, 1917இல் ‘இளம் விதிதேவி’ என்று வெளிவந்தது.

நான் சொல்ல வந்தது அவருடைய ‘கடலோரக் கல்லறை’ பற்றி. அந்தக் கவிதை முதலில் ஒரு வெற்றுத் தாளமாகத்தான் அவர் மனதில் இருந்தது. பத்து அசை, அவ்வளவே. சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. சந்தக்குழிப்பு என்று நாம் சொல்கிறோமே, அதுதான். பிரெஞ்சுக் கவிஞர்கள் அப்போது அதிகம் தொடாத அளவு அது. அதைப் பன்னிரண்டு அசை அடியின் உயரத்துக்கு ஏற்றிவிட ஆசைப்பட்டார். அதற்காக ஆறடிச் செய்யுள். அந்தச் செய்யுள்கள் ஒன்றோடொன்று மோத, தன்னோடு பேசும் ஒரு குரல். அதற்குப் பிறகே பிறந்த ஊரான செத் நகரின் கடலும் வெயிலும் இறந்தோரும். 1933இல் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தக் கட்டுரையை முதன்முறை படித்தபோது எனக்கு முப்பது வயது. சாவைப் பற்றிய கவிதை அசைக்கணக்கில் தொடங்கியதா என்று மனம் உடைந்து புத்தகத்தை மூடிவிட்டேன். மறுபடி திறக்க நான்கு வருடம் ஆயிற்று.

கவிதை முடிந்தது என்றுகூட அவர் சொல்லவில்லை. திருத்திக்கொண்டிருந்த தாளை இதழாசிரியர் ழாக் ரிவியேர் வாங்கிக்கொண்டு போய் 1920இல் அச்சேற்றினார். இல்லாவிட்டால் இன்னும் மாறியிருக்கும். சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் இதற்கு வரிவரியாக உரை சொன்னபோது வலேரி அவையில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு பனுவலுக்கு ‘உண்மையான பொருள்’ என்று ஒன்று கிடையாது, எழுதியவனுக்கும் அதில் தனி அதிகாரம் இல்லை என்பது அவர் முடிவு. அவரைப் புதைத்த இடுகாட்டுக்கே பின்னர் அந்தக் கவிதையின் பெயரை வைத்தார்கள்.

ஆகவே கவிதை ‘வரும்’, ‘வராது’ என்ற பேச்சை விட்டுவிடு. அடுத்தமுறை வரும்போது அந்தக் கவிதையின் முதல் ஆறு அடிகளை வாய்விட்டுப் படித்து, ஒவ்வோர் அடியின் பத்து அசையையும் நான்கு, ஆறு என்று பிரித்து விரலில் எண்ணிக்கொண்டு வா. அடியின் நடுவில் சொல்லிறுதியில் வரும் ஊமை உயிரெழுத்தை (e), அடுத்து மெய் வந்தால் ஓர் அசையாகக் கொள்ள வேண்டும். போனமுறை அதில்தான் தவறினாய்.

அன்புடன்,
உன் ஆசிரியர்