கோவாவில் ஆற்றைக் கடந்து வந்த தெய்வங்கள்!

லீவு வரப்போகிறது. ‘இந்தத் தடவை கோவா போகலாம்’ என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் தலையாட்டிவிட்டார். நீங்கள் மட்டும் மனசுக்குள், ‘கடற்கரையும் ஹோட்டலும் நமக்கு எதுக்கு? அந்தப் பணத்தில் காசிக்கே போய் வந்துவிடலாமே’ என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள், இல்லையா?

தயங்காமல் பெட்டியைக் கட்டுங்கள். கட்டும்போது ஒரு பட்டுப் புடவையும், பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டையும், ஒரு மஞ்சள்-குங்குமப் பொட்டலமும் மறக்காமல் எடுத்து வையுங்கள். நான்கு நாள் பயணத்தில் மூன்று நாளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு நாளை மட்டும் உங்களுக்காகக் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். அந்த ஒரு நாளில் நீங்கள் தரிசிக்கப் போவது சாதாரண தெய்வங்களை அல்ல. பக்தர்கள் உயிரைப் பணயம் வைத்து, ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றைக் கடந்து தூக்கி வந்து காப்பாற்றிய தெய்வங்கள்!

‘கோவாவில் சர்ச்தானே இருக்கு, கோயில் ஏது?’ என்று கேட்பவர்கள் உண்டு. கோவாவின் புராணப் பெயர் கோமந்தகம். பரசுராமர் சஹ்யாத்ரி மலை மேல் நின்று அம்பை எய்து, சமுத்திர ராஜனைப் பின்வாங்கச் செய்து இந்தப் பூமியை மீட்டார் என்பது ஐதீகம். அந்தப் பாணம் வந்து விழுந்த இடம் பாணவல்லி. அதுதான் இன்றைய பெனாலிம். ஆமாம்... உங்கள் பிள்ளைகள் மணல் வீடு கட்டி விளையாடப் போகிற அதே பெனாலிம் கடற்கரைதான்! ஆக, கடற்கரையில் காலை வைக்கும்போதே ஸ்தல புராணத்திலும் காலை வைத்துவிடுகிறீர்கள்.

இனி சரித்திரத்துக்கு வருவோம். 1510-ல் போர்த்துக்கீசியர் கோவாவைப் பிடித்தார்கள். முதலில் தலைநகரைச் சுற்றியிருந்த தீவுப் பகுதி மட்டுமே அவர்கள் கையில் இருந்தது. 1540-களில் அங்கிருந்த கோயில்கள் இடிக்கப்பட்டன. பிறகு தெற்கே சால்செட், வடக்கே பார்தேஸ் பகுதிகளும் அவர்கள் வசமாயின. 1560-ல் மத விசாரணை மன்றம் வந்தது. அந்தப் பத்து வருஷத்தில் சால்செட் பகுதியின் கோயில்களும் ஒவ்வொன்றாகத் தரைமட்டம் ஆயின.

அந்த ஊர்களில் இருந்த குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வீடு, நிலம், தென்னந்தோப்பு எல்லாம் இங்கே. ஆனால், குலதெய்வம் நாளைக்கு இருக்குமா என்று தெரியாது. கர்ப்பக்கிரகத்தில் இருந்த லிங்கத்தையும் விக்கிரகத்தையும் எடுத்துத் துணியில் சுற்றி, படகில் ஏற்றி, ஜுவாரி ஆற்றுக்கு அக்கரை கொண்டு போனார்கள். அக்கரையில் இருந்த போண்டா பகுதி அப்போது போர்த்துக்கீசியரின் ஆட்சிக்கு வெளியே இருந்தது. அங்கே காட்டுக்கும் பாக்குத் தோப்புக்கும் நடுவே, வெளியே இருந்து பார்த்தால் கண்ணில் படாத பள்ளங்களில் ஸ்வாமியை வைத்து, சின்னதாகக் கூரை போட்டு, விளக்கேற்றினார்கள். இன்று போண்டா தாலுகாவில் கூப்பிடு தூரத்துக்கு ஒன்றாகப் பெரிய கோயில்கள் இருக்கின்றனவே, அதற்கு இதுதான் காரணம். போண்டா போர்த்துக்கீசியர் கைக்குப் போனது 1763-ல். அதற்குள் அவர்களுடைய பழைய வேகம் தணிந்துவிட்டது. அதனால், அக்கரை வந்த தெய்வங்கள் அப்படியே நிலைத்துவிட்டன.

சூதாட்டத்தில் தோற்ற சிவன்!

பணஜியில் இருந்து சுமார் 22 கிலோமீட்டரில் இருக்கிறது மங்கேஷி. இங்குள்ள ஈசனின் பழைய ஊர் குசஸ்தலி, இன்றைய கோர்ட்டலிம். 1560-ல் அங்கிருந்து ஆற்றைக் கடந்து வந்தவர் இவர்.

இவரது கதை நம் வீட்டுக் கதை மாதிரி இருக்கும். கயிலாயத்தில் ஒருநாள் பரமேஸ்வரனும் பார்வதியும் சொக்கட்டான் ஆடினார்கள். ஈசன் தோற்றார்... தோற்றுக்கொண்டே இருந்தார். கடைசியில் கயிலாயத்தையும் தோற்றுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுத் தெற்கே வந்து, ஜுவாரிக் கரையில் தங்கிவிட்டார். ஜெயித்த அம்பாளுக்கு ஜெயித்த சந்தோஷம் ஒருநாள்கூட நிலைக்கவில்லை. அவரைத் தேடிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைந்து வந்தாள்.

அவள் வருவதைப் பார்த்த ஈசனுக்குக் குறும்பு. புலியாக மாறி எதிரே பாய்ந்தார். பயந்து போன அம்பாள், ‘மலைகளின் தலைவனே, என்னைக் காப்பாற்று’ என்று சொல்ல நினைத்து, ‘த்ராஹி மாம் கிரீச’ என்று அலறினாள். உடனே புலி மறைந்து ஈசன் எதிரில் நின்றார். அவள் பதற்றத்தில் சொன்ன ‘மாம் கிரீச’ என்ற சொல்லே மாங்கிரீசன் ஆகி, மங்கேஷ் ஆயிற்றாம். மற்றத் தலங்களில் ஸ்வாமிக்கு ரிஷிகளோ ராஜாக்களோ பெயர் வைத்திருப்பார்கள். இங்கே மனைவியின் பயமே பெயராகிவிட்டது! கணவரோடு கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கும் நாட்களில் இந்தக் கதையை நினைத்துக் கொள்ளலாம். (யார் புலி, யார் பார்வதி என்று நீங்களே தீர்மானித்துக் கொள்ளுங்கள்.)

கோயிலுக்குள் நுழைந்ததும் உங்களுக்கு ஒரு திகைப்பு ஏற்படும். நம் ஊர் ராஜகோபுரம் இருக்காது. அதற்குப் பதிலாக, ஏழு அடுக்கு தீப ஸ்தம்பம் வெள்ளை வெளேரென்று நிற்கும். ஓட்டுக் கூரை, கர்ப்பக்கிரகத்துக்கு மேலே உருண்ட விமானம், மண்டபத்தில் தொங்கும் கண்ணாடி சரவிளக்குகள்... ‘இது என்ன, அரண்மனை மாதிரி இருக்கே?’ என்று தோன்றும். இப்போது நாம் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டிலும் அதன் பிறகும் எழுந்தவை. கோயில் கட்டிய கைகள் அக்கம்பக்கத்தில் பார்த்ததையெல்லாம் கோயிலிலும் சேர்த்துவிட்டன. 1739-ல் பேஷ்வா இந்த மங்கேஷி கிராமத்தையே கோயிலுக்கு மானியமாகக் கொடுத்தார்.

பிரசித்தி பெற்ற பாடகி லதா மங்கேஷ்கரின் பெயரில் இருக்கும் மங்கேஷ், இந்த ஊர்தான். அவருடைய தந்தை தீனாநாத் பிறந்தது இங்கே. திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்வாமி பல்லக்கில் புறப்பாடு உண்டு. உங்கள் ஒரு நாள் திங்கட்கிழமையாக அமைந்தால், மற்றக் கோயில்களை முதலில் பார்த்துவிட்டு மங்கேஷியைக் கடைசிக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

பூணூல் அணிந்த அம்பாள்

அங்கிருந்து கூப்பிடு தூரம் மார்தோல். இங்கே மஹாலஸா நாராயணி. அமுதம் பங்கிட வந்த மோகினி என்று இவளைக் கொண்டாடுகிறார்கள். தேவர்கள் வரிசையில் திருட்டுத்தனமாக உட்கார்ந்த ராகுவின் தலையைக் கொய்தவள் இவளே என்பது ஐதீகம். நான்கு கரங்களில் ஒன்றில் அந்தத் தலையைப் பிடித்திருக்கிறாள். விஷ்ணுவின் அம்சம் என்பதால் அம்பாள் திருமேனியில் பூணூல் உண்டு. அலங்காரத்துக்கு நடுவே உற்றுப் பாருங்கள், தெரிகிறதா என்று!

வாசலில் ஆமை பீடத்தின் மேல் 21 வளையங்களோடு பித்தளையில் ஒரு பெரிய தீப ஸ்தம்பம் இருக்கிறது. இந்த அம்பாளின் மணியைப் பற்றியும் ஒரு செய்தி சொல்வார்கள். அந்த மணிக்குள் நாக்கு இருக்காதாம். யாராவது சத்தியம் செய்ய வேண்டும் என்றால் மட்டுமே நாக்கை மாட்டுவார்கள். மணியை அடித்துப் பொய் சொன்னால் மூன்று நாளைக்குள் அம்பாள் தண்டிப்பாள் என்ற பயம். அந்தச் சத்தியத்தைப் போர்த்துக்கீசியர் காலத்து நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டன என்கிறார்கள்.

மார்தோலில் பூக்காரிகளிடம் நின்று பேசாமல் வராதீர்கள். நம் ஜாதிமல்லி போன்ற ‘ஜாய்’ பூ இந்த ஊரின் பெருமை. மழைக்காலத்தில் அம்பாளுக்கு இந்தப் பூவாலேயே விசேஷ பூஜை நடக்கிறது. ‘அபோலி’ என்று ஒரு சரத்தை நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால், நம் கனகாம்பரம்! நீங்கள் தலையில் வைத்துக்கொண்டு நன்றி சொன்னால், ‘தேவ் பொரே கொரும்’ என்பார்கள். ‘கடவுள் நல்லது செய்யட்டும்’ என்று அர்த்தம். கோவாவில் இந்துவும் கிறிஸ்தவரும் ஒன்றுபோலச் சொல்கிற வார்த்தை இது.

இந்த அம்பாள் முன்பு இருந்த ஊர் வெர்ணா. அங்கே, பழைய இடத்திலேயே இப்போது அவளுக்கு மறுபடி ஒரு கோயில் எழும்பியிருக்கிறது.

சண்டையை விலக்கிய சாந்தாதுர்கை

துர்கை என்றால் சூலமும் மகிஷனும்தானே நமக்கு நினைவுக்கு வரும்? கவ்ளே கிராமத்தில் இருப்பவள் சாந்தாதுர்கை. ஒருமுறை சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் பெரிய யுத்தம். உலகமே நடுங்கியது. பிரம்மா போய் ஜகன்மாதாவிடம் முறையிட்டார். அவள் வந்து இருவருக்கும் நடுவே நின்றாள். ஒரு கையால் ஒருவரையும் மறு கையால் இன்னொருவரையும் பிடித்துச் சமாதானம் செய்துவைத்தாள். கர்ப்பக்கிரகத்தில் அம்பாளின் இரு பக்கமும் சிவ, விஷ்ணு வடிவங்களைப் பார்க்கலாம். யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று கதை சொல்லவில்லை. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

இவளுடைய பழைய ஊர் கேளோஷி. அதுவும் மங்கேஷரின் குசஸ்தலியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள், இந்தப் பக்கம் வந்தும் அக்கம்பக்கத்திலேயே குடியேறிவிட்டார்கள்!

இங்கே நீங்கள் அவசியம் செய்ய வேண்டியது ‘ஓட்டி’ சமர்ப்பிப்பது. தேங்காய், அரிசி, ரவிக்கைத் துணி அல்லது புடவை, மஞ்சள், குங்குமம், வளையல் ஆகியவற்றை அம்பாளின் மடியில் நிறைப்பதாகப் பாவித்துக் கொடுப்பார்கள். வாசல் கடைகளில் தட்டாகவே கிடைக்கும். வளைகாப்பில் நாம் மடி நிறைப்பது போலத்தான். இங்கே தாய்க்கே மகள்கள் மடி நிறைக்கிறார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். கோவாவின் பல கோயில்களில் ‘கௌல்’ கேட்பார்கள். நாம் பூக்கட்டிப் பார்ப்பது மாதிரி. ஸ்வாமியின் திருமேனியில் பூவிதழ்களை ஈரத்தோடு ஒட்டி வைத்து, மனசில் உள்ளதை அர்ச்சகர் மூலமாகக் கேட்பார்கள். வலப்பக்கத்து இதழ் விழுந்தால் உத்தரவு கிடைத்ததாக அர்த்தம். கல்யாணம், நிலம், படிப்பு என்று எல்லாவற்றுக்கும் மும்பையில் இருந்தும் மங்களூரில் இருந்தும் குடும்பங்கள் வந்து குலதெய்வத்தின் முன் காத்திருப்பார்கள். அவர்களின் முன்னோர் ஊரைவிட்டுப் போய் நானூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஆனாலும், ‘எங்க ஸ்வாமி’ என்றுதான் சொல்வார்கள். ‘குலதெய்வம் கோயிலுக்குப் போய் ரொம்ப நாளாச்சு’ என்று நமக்கும் அங்கே நின்றால் சுருக்கென்று உறைக்கும்.

நேரம் இருந்தால்...

போண்டாவுக்குப் பக்கத்தில் பாந்தோடாவில் நாகேஷி. இவர் எங்கிருந்தும் வந்தவரல்ல. ஆதியிலிருந்தே இங்கே இருப்பவர். விஜயநகர காலத்து 1413-ஆம் வருஷக் கல்வெட்டு ஒன்று இங்கே இருக்கிறது. குளக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அதே ஊரில், கொல்வாவில் இருந்து வந்த மஹாலக்ஷ்மியும் இருக்கிறாள். ஆமாம், அந்தக் கொல்வா கடற்கரைதான்!

இன்னும் அரை நாள் கிடைத்தால் வடக்கே நார்வே. கதம்ப ராஜாக்களின் குலதெய்வமான சப்தகோடீஸ்வரர் இங்கே இருக்கிறார். திவார் தீவில் இருந்த கோயில் இடிக்கப்பட்ட பிறகு, அந்த லிங்கத்தைக் கிணற்றில் நீர் இறைக்கும் உருளையாகப் பயன்படுத்தினார்களாம். அதைப் பக்தர்கள் ரகசியமாக மீட்டு வந்தார்கள். 1668-ல் சத்ரபதி சிவாஜி இந்தக் கோயிலைப் புதுப்பித்தார். 2023-ல் மீண்டும் திருப்பணி முடிந்து பொலிவாக இருக்கிறது.

இடிபடாத பழைய கோயிலைப் பார்க்க ஆசை இருந்தால், பணஜியில் இருந்து 65 கிலோமீட்டர் தள்ளி காட்டுக்குள் தாம்ப்டி சுர்லா போக வேண்டும். மலை அடிவாரத்தில், ஓடைக்குப் பக்கத்தில், கருங்கல்லில் கதம்பர் கட்டிய மகாதேவர் கோயில். காடுதான் அதைக் காப்பாற்றியது. சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டு போவது நல்லது.

கோயில்களில் அரை டிராயர், கையில்லாத சட்டை அனுமதி இல்லை. கடற்கரை உடையிலேயே காரில் ஏறிவிட்டுப் பிறகு வாசலில் நின்று சங்கடப்படுகிறவர்கள் நிறையப் பேர். கார் பேசும்போதே ‘மங்கேஷி, மார்தோல், பாந்தோடா, கவ்ளே’ என்று நான்கு பெயரையும் சொல்லிப் பேசிவிடுங்கள். எல்லாமே போண்டாவைச் சுற்றித்தான். விடியற்காலையில் கிளம்பினால், மத்தியானச் சாப்பாட்டுக்கு அறைக்குத் திரும்பிவிடலாம். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தேதியை உங்கள் இஷ்டப்படி மாற்ற முடியும் என்றால், பால்குண மாதத்துப் பஞ்சமியைப் பாருங்கள். ஹோலியை ஒட்டி வரும். தெற்கு கோவாவில் குன்கொலிம் என்ற ஊரின் சாந்தாதுர்கையும் அந்தக் காலத்தில் ஊரைவிட்டு ஃபாதோர்பாவுக்குப் போனவள். வருஷத்தில் அந்த ஒருநாள் மட்டும் பிறந்த வீட்டுக்கு வருகிற பெண்ணைப் போல, குலால் தூவ, பன்னிரண்டு குடைகளோடு குன்கொலிமுக்கு ஊர்வலமாகத் திரும்பி வருகிறாள். ஊரின் பன்னிரண்டு பூர்விக வம்சங்களுக்கும் ஆளுக்கு ஒரு குடை. அந்த வம்சங்களில் கிறிஸ்தவர்களாகிவிட்ட குடும்பங்களும் இதில் பங்கெடுத்துக் கொள்கின்றன. அன்று மட்டும் கடற்கரைக்கு லீவு கொடுத்துவிட்டு, வெயிலுக்கு முன்னால் போய்ச் சாலையோரத்தில் இடம் பிடித்து நில்லுங்கள்.